செட்டிநாட்டில் வீடு கட்டக் கடன்: வங்கியா, நிதி நிறுவனமா, அரசு மானியமா, குழுக் கடனா?

இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937-இல் தொடங்கப்பட்டபோது காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் கிளை திறந்தது. பர்மா வரை சென்று கொடுக்கல் வாங்கல் நடத்தி, கூடிப் பேசி நடப்பு வட்டியை முடிவுசெய்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் ஊர்ப்பக்கம் இது. ஆனால் ஆத்தங்குடித் தரைக் கல் வார்க்கும் பட்டறைத் தொழிலாளிக்கோ, கல்யாண வீடுகளில் சமையலுக்குப் போகும் பெண்ணுக்கோ ஒரு சிறு வீடு கட்ட நியாயமான வட்டியில் கடன் கிடைப்பது இன்றும் அரிதாகவே இருக்கிறது. அவர்கள் முன் உள்ள வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தால், வட்டி விகிதத்தைக் காட்டிலும் கையில் இருக்கும் காகிதம்தான் முடிவைத் தீர்மானிக்கிறது என்பது தெரியும்.

முதலில் வங்கி. ஐந்து லட்ச ரூபாயை 9 விழுக்காடு வட்டியில் 15 ஆண்டுகளுக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 5,070 ரூபாய். முழு வீட்டுக்கான கடன்களில் மலிவானவற்றுள் ஒன்று இது. ஆனால் வங்கி கேட்பவை மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, விண்ணப்பதாரர் பெயரிலான பட்டா, அனுமதி பெற்ற வரைபடம், வருமானத்துக்கான எழுத்துச் சான்று. கிராம நத்தத்தில் பாட்டன் காலத்திலிருந்து குடியிருக்கும் குடும்பத்திடம் பெரும்பாலும் இருப்பவை வீட்டு வரி ரசீதும் மின் அட்டையும்தான். பட்டா இருந்தாலும் இறந்துபோன பெரியவர் பெயரில் இருக்கும். பத்திரம் என்று ஒன்று எழுதப்பட்டே இருக்காது. கூலி வாரக் கடைசியில் கையில் தரப்படுவதால் சம்பளச் சீட்டுக்கும் வழியில்லை. பெரிய வீடுகளின் பின்கட்டில் காவலுக்கென்று தலைமுறையாக இருந்துவரும் குடும்பங்களின் நிலை இதைவிடக் கடினம். பங்காளிகள் பலருக்குச் சேர்ந்த வீட்டில் வசிப்பவர்களுக்கு எந்த உரிமைக் காகிதமும் பிறக்காது.

இந்த இடைவெளியில்தான் தனியார் வீட்டு நிதி நிறுவனங்கள் வருகின்றன. அவர்களுடைய ஆள் பட்டறைக்கே வந்து வேலையைப் பார்த்து, வீட்டுச் செலவைக் கேட்டு, வருமானத்தைத் தாமே மதிப்பிடுகிறார். இது உண்மையான சேவை என்பதை மறுக்க முடியாது. ஆனால் அதற்கான விலையைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். அதே ஐந்து லட்சத்துக்கு வட்டி 15 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் தவணை ஏறத்தாழ 7,000 ரூபாய் ஆகிறது. 15 ஆண்டு முடிவில் வங்கியைவிடச் சுமார் மூன்றரை லட்ச ரூபாய் கூடுதலாகக் கட்டியிருப்பார்கள். பட்டாவில் பெயர் மாற்றாமல் விட்டதற்கு ஓர் ஏழைக் குடும்பம் தரும் விலை அது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வீட்டுக் கடனில் தவணைகள் தொடர்ந்து தவறி அது வாராக் கடனானால், 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்து, வழக்குத் தொடுத்துத் தீர்ப்புப் பெறாமலேயே வீட்டைக் கைப்பற்ற முடியும் என்பதையும் கையெழுத்துப் போடுமுன் அறிந்திருக்க வேண்டும்.

அரசு மானியம் திரும்பக் கட்ட வேண்டாத பணம். பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டத்தில் சமவெளிப் பகுதிக்கான உதவித்தொகை 1.20 லட்சம். தமிழ்நாடு அரசு 2024-இல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.50 லட்சம். தகுதி உள்ளவர்கள் முதலில் இவற்றுக்கே விண்ணப்பிக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பணம் வேலையின் நிலைக்கு ஏற்பத் தவணையாக வருகிறது. பெரும்பாலும் அடித்தளத்தைப் போட்ட பிறகே அடித்தளத்துக்கான பணம். அதை எந்தக் காசில் போடுவது? செங்கல் சூளைக்கும் கொத்தனாருக்கும் தவணை வரும்வரை காத்திருக்கச் சொல்ல முடியாது. அந்தச் சில வாரங்களுக்காக நகையை அடகு வைப்பவர்களும், தண்டலுக்குப் போகிறவர்களும் உண்டு. பத்தாயிரம் என்று சொல்லி ஆயிரத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்பதாயிரம் தந்து, நாளுக்கு நூறு ரூபாயாக நூறு நாள் வசூலிக்கும் தண்டலின் ஆண்டு வட்டி 75 விழுக்காட்டைத் தாண்டும். இலவசமாக வந்த வீட்டில் கந்துவட்டிக் கடன் குடியேறுவது இப்படித்தான்.

காரைக்குடி மாநகராட்சி எல்லைக்குள் இருப்பவர்களுக்கு, 2024-இல் தொடங்கிய இரண்டாம் கட்ட நகர்ப்புற வீட்டுத் திட்டத்தில் வீட்டுக் கடனின் முதல் எட்டு லட்சத்துக்கு 4 விழுக்காடு வட்டி மானியம் உண்டு. ஆனால் அது கடன் கிடைத்தவர்களுக்கு மட்டுமே என்பதால் மீண்டும் பத்திரத்திலேயே வந்து நிற்கிறோம்.

எஞ்சியவை நுண்கடனும் மகளிர் குழுவும். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இரண்டையும் ஒன்றாக எண்ணுகிறார்கள். இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. நுண்கடன் நிறுவனத்தில் ஒரு லட்சத்தை 24 விழுக்காடு வட்டியில் இரண்டு ஆண்டுக்கு வாங்கினால் மாதம் ஏறத்தாழ 5,290 ரூபாய் கட்ட வேண்டும். வங்கியில் ஐந்து லட்சத்துக்குக் கட்டும் தவணையைவிட இது அதிகம். ஐந்து லட்சத்தைத் தீர்க்கும் வலிமை உள்ள குடும்பத்துக்கு ஒரு லட்சம் மட்டுமே கிடைக்கிறது என்பதை நான் மிகுந்த வருத்தத்தோடு எழுதுகிறேன். ரிசர்வ் வங்கி 2022-இல் கொண்டுவந்த விதிகளின்படி, ஆண்டு வருமானம் மூன்று லட்சத்துக்கு உட்பட்ட குடும்பத்தின் மொத்தக் கடன் தவணைகள் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. முன்கூட்டியே கட்டி முடித்தால் அபராதம் கூடாது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்கு வரக் கூடாது. வாங்குகிறவர்கள் இவற்றை அறிந்திருப்பது பெரும் பாதுகாப்பு.

மகளிர் சுய உதவிக் குழுவில் உள்கடனுக்கு மாதம் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு வட்டி வாங்கினாலும் அந்த வட்டி குழுவின் நிதியிலேயே சேருகிறது, வெளியே போவதில்லை. குழுவுக்கு வங்கி தரும் கடனுக்கு அடமானமும் கிடையாது. முழு வீட்டுக்கு இந்தத் தொகை போதாது. ஆனால் கூரை ஓடுகளை மாற்றவும், கழிப்பறை கட்டவும், குறிப்பாக மானியத் தவணை வரும்வரை அடித்தளச் செலவைத் தாங்கவும் இதைவிடப் பொருத்தமான கடன் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே நான் பரிந்துரைக்கும் வரிசை வேறு. எந்தக் கடனுக்கும் அலையுமுன் வாரிசுச் சான்றோடு வட்டாட்சியர் அலுவலகத்தில் பட்டாவை இன்றைய பெயருக்கு மாற்ற வேண்டும். இயன்றால் வீட்டுப் பெண்ணின் பெயரையும் சேர்க்க வேண்டும். பிறகு மானியத்துக்கு விண்ணப்பம், அடித்தளத்துக்குக் குழுக் கடன், குறைவது இருந்தால் மட்டும் வங்கி. குழுவுக்குக் கடன் தரும் வங்கிக் கிளையே மானிய ஆணையைச் சான்றாக ஏற்று, உறுப்பினருக்கு முதல் தவணையளவு பணத்தை முன்கூட்டித் தந்து, அரசுப் பணம் வரும்போது நேரே வரவு வைத்துக்கொள்ள முடியும். மானியம் அவர்கள் கிளைக் கணக்குக்கே வருமானால் வங்கிக்கு இதில் இழப்புக்கான வாய்ப்பும் மிகக் குறைவு.