சுவர்ணபூமி விமான நிலையத்தில் அட்டையை நீட்டுபவர்களிடம் நிற்காதீர்கள்

பாங்காக் போகிறவர்கள், அதிலும் வயதான பெற்றோரை அழைத்துக்கொண்டு போகிறவர்கள், தயவுசெய்து இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

சீலோம் சாலை மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் அறை எடுத்திருந்தோம். 19ஆம் நூற்றாண்டில் அங்கு குடியேறிய தமிழர்கள் எழுப்பிய கோயில் என்பதால் அம்மாவுக்கு அங்கேதான் தங்க வேண்டும். இரவு முழுக்கத் தூங்காமல் விடியற்காலையில் இறங்கி, குடிநுழைவு வரிசையில் நின்று வெளியே வந்தபோது அப்பாவுக்குக் கால் வீங்கிவிட்டது. அதைப் பார்த்துவிட்டுத்தான் அந்த ஆள் எங்களிடம் வந்தான். வெள்ளைச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் பிளாஸ்டிக் உறை போட்ட கட்டணப் பட்டியல். டாக்சிக்கு ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும், ரயில் இன்றைக்கு ஓடவில்லை என்று அடுக்கினான். சீலோமுக்கு 1,400 பாட் (தாய்லாந்துப் பணம்), சுங்கம் உட்பட எல்லாம் அடக்கம் என்றான்.

அழைத்துப் போன இடம் டாக்சி நிறுத்தமே அல்ல. லிஃப்டில் நான்காம் தளத்துக்கு, ஊர் கிளம்புகிறவர்கள் வந்து இறங்கும் வாசலுக்குக் கொண்டுபோனான். அங்கே நின்ற காரில் மேலே டாக்சிப் பலகை இல்லை, உள்ளே மீட்டரும் இல்லை. ஓட்டியவன் வேறொருவன். சுங்கச்சாவடி வந்ததும் எங்களிடம் பணம் கேட்டான். பேசியது தனக்குத் தெரியாதாம். விடுதிக்கு ஒரு தெரு முன்னால் வண்டியை ஓரங்கட்டி, பெட்டிகளுக்கு 300 பாட் கொடுத்தால்தான் டிக்கியைத் திறப்பேன் என்று இஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டான். அப்பாவின் சர்க்கரை மாத்திரைகள் அந்தப் பெட்டிக்குள் இருந்தன. அம்மா தன் கைப்பையிலிருந்து எண்ணிக் கொடுத்தார். எழுபது வயதுக்காரரை வெயிலில் உட்கார வைத்து வாங்கிய பணம் அது. இன்னும் வயிறு எரிகிறது.

ஊர் திரும்பும் நாளில் அதே விடுதி வாசலில் மீட்டர் டாக்சி பிடித்தோம். சுங்கம் சேர்த்தும் 400 பாட்டைத் தாண்டவில்லை.

முறையான வழி மிக எளிது. வருகைக் கூடம் இரண்டாம் தளத்தில் இருக்கிறது. அங்கே யார் கூப்பிட்டாலும் நிற்காமல் முதல் தளத்துக்கு இறங்குங்கள். வாசலுக்கு வெளியே உள்ள இயந்திரத்தில் பொத்தானை அழுத்தினால் ஒரு சீட்டு வரும். அதில் அச்சிட்டிருக்கும் எண்ணுள்ள இடத்தில் உங்கள் வண்டி நிற்கும். பெட்டிகள் அதிகம் என்றால் பெரிய வண்டிக்குத் தனி வரிசை இருக்கிறது. சாதாரண வண்டியில் மீட்டர் 35 பாட்டில் தொடங்கும். அதற்கு மேல் விமான நிலையக் கட்டணம் 50 பாட். விரைவுச் சாலையில் போனால் சுங்கமும் நம்முடையது. இவை நியாயமான செலவுகள், தயங்காமல் கொடுக்கலாம். மீட்டர் போட மாட்டேன் என்றால் உடனே இறங்கிவிடுங்கள். சீட்டை ஓட்டுநர் கேட்டாலும் கொடுக்காதீர்கள், புகார் செய்ய அதுதான் ஆதாரம்.

பெட்டி குறைவாக இருந்தால் ரயிலே மேல். 2010 முதல் ஓடுகிறது. கட்டடத்தின் அடித்தளத்திலேயே ஏறலாம். அரை மணி நேரத்துக்குள் பாயா தாய் நிலையம். கட்டணம் 45 பாட்தான். அங்கிருந்து மேம்பால ரயிலில் சியாம் போய், சீலோம் தடத்துக்கு மாறி, சுரசாக்கில் இறங்கினால் கோயில் நடக்கிற தூரம். நள்ளிரவு வரை ரயில் உண்டு. "இன்றைக்கு ஓடவில்லை" என்று எவனாவது சொன்னால் கீழே போய் உங்கள் கண்ணாலேயே பார்த்துவிடுங்கள்.

சுற்றுலாக் காவல் துறையின் எண் 1155. ஆங்கிலத்திலேயே பேசலாம். நாங்கள் அழைத்தபோது பொறுமையாகக் கேட்டார்கள். முதலில் கேட்டது வண்டி எண்ணை. அது எங்களிடம் இல்லை. பெட்டியை டிக்கியில் வைப்பதற்கு முன் எண் பலகையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டுநர் பார்க்கும்படியே எடுங்கள்.