டாப் ஓவர்ஹால் என்று 1,450 வெள்ளி வாங்கினார், ஹெட்டைக் கழற்றவே இல்லை

கோலாலம்பூரில் பழைய காடி (கார்) வைத்திருப்பவர்கள், கூலண்ட், அதாவது எஞ்சின் சூட்டைத் தணிக்கும் திரவம், குறைகிறது என்று போமேனிடம் (மெக்கானிக்) போகுமுன் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

என்னுடையது அப்பா ஓட்டிய 1977 டட்சன் 120ஒய். ஏ12 எஞ்சின், 1,171 சிசி, அடியில் இருக்கும் பிளாக் வார்ப்பிரும்பு, அதன் மேல் மூடி மாதிரி உட்காரும் ஹெட் அலுமினியம். இரண்டு நாளுக்கு ஒரு தடவை அரை லிட்டர் கூலண்ட் ஊற்ற வேண்டியிருந்தது. வீட்டு வாசலில் ஒரு சொட்டு ஈரம் கிடையாது. ஃபெடரல் ஹைவே ஜாமில் நின்றால் மட்டும் வெல்லப்பாகு போல ஒரு வாசம் வரும்.

ஜாலான் ஈப்போ பக்கம் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். நம்மாள்தான். அண்ணே அண்ணே என்று அவர் கூப்பிட்டதிலேயே நான் பாதி விழுந்துவிட்டேன். பானெட்டைத் திறந்து இரண்டு நிமிடம் ஆகவில்லை, "ஹெட் கேஸ்கெட் போச்சுண்ணே, டாப் ஓவர்ஹால் பண்ணி ஹெட்டை ஸ்கிம் போடணும், விட்டா எஞ்சின் ஜாம் ஆயிடும்" என்றார். ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் கசியாமல் இருக்க வைக்கும் தகடுதான் கேஸ்கெட். டாப் ஓவர்ஹால் என்றால் ஹெட்டைக் கழற்றிச் சரிபண்ணுவது, ஸ்கிம் என்றால் அதன் அடிப்பரப்பைச் சீவிச் சமமாக்குவது. ஆனால் கேஸ்கெட் போனால் வழக்கமாகத் தெரிவதுபோல் எஞ்சின் ஆயில் பால் மாதிரி வெளுக்கவில்லை, சைலன்சரில் வெள்ளைப் புகையும் இல்லை. அப்போதே உறுத்தியது, இருந்தும் வாயைத் திறக்கவில்லை.

ஐந்து நாள் கழித்துப் போனால் ஹெட்டின் மேல் மூடியான ராக்கர் கவரில் பளபளவென்று புது சில்வர் பெயிண்ட். ஹெட்டும் பிளாக்கும் சேரும் இடத்தில் சாம்பல் நிற சிலிகான் பிதுங்கியிருந்தது. பார்த்தவுடன் திருப்தி! ரசீது கேட்டேன். "புக்கு முடிஞ்சிடுச்சு, வாட்சாப்ல போடுறேன்" என்றார். வந்தது ஒரே வரி: டாப் ஓவர்ஹால் 1450. பழைய கேஸ்கெட்டைக் காட்டச் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை.

இரண்டு வாரம் தண்ணீர் குறையவில்லை. மூன்றாவது வாரம் கெந்திங் ஏற்றத்தில் எஞ்சின் சூடு காட்டும் ஊசி சிவப்புக்குப் போய்விட்டது.

அப்பாவுக்குப் பழக்கமான ஒரு மாமா செந்தூலில் இருக்கிறார், ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணவே விடவில்லை. ஆறிய ரேடியேட்டரின் மூடியைத் திறந்து விரலை விட்டார். நகத்தில் செம்பு நிறச் சேறு ஒட்டி வந்தது, லீக் அடைக்கும் பவுடர். அந்த இரண்டு வார நிம்மதி அதன் தயவுதான், ரேடியேட்டர் குழாய்களில் பாதி அடைத்ததும் அதுவேதான். பிறகு மூடி இருந்த இடத்தில் கைப்பம்ப் பிரஷர் டெஸ்டரை மாட்டி 13 பிஎஸ்ஐ அழுத்தம் வரை காற்று அடித்தார். ஐந்து நிமிடத்தில் முள் 9க்கு இறங்கியது, எங்கோ கசிகிறது என்று அர்த்தம். டார்ச்சும் பல் டாக்டர் கண்ணாடி மாதிரி ஒன்றும் வைத்து எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு (எஞ்சினிலிருந்து புகையைச் சைலன்சர் குழாய்க்குக் கொண்டுபோகும் பாகம்) அடியில் பார்க்கச் சொன்னார். பிளாக்கின் பக்கவாட்டுத் துளையை மூடியிருக்கும் வட்டத் தகடு, வெல்ச் பிளக் என்பார்கள், துருப்பிடித்து ஊசிமுனை ஓட்டை. அதில் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. ஓடும்போது அது சூட்டில் பட்டு ஆவியாகிவிடும். எங்கள் வாசல் காய்ந்தே கிடந்தது அதனால்தான்.

"நம்ம ஊர்ல பனியா பேயுது, கூலண்ட் எதுக்கு" என்று அப்பா வருடக்கணக்கில் பைப் தண்ணீரே ஊற்றினார். கூலண்டில் உறையாமல் காக்கும் மருந்தோடு துருவைத் தடுக்கும் மருந்தும் இருக்கிறது என்று யார் அவருக்குச் சொன்னார்கள்?

அந்த பிளக்கை எடுக்க மேனிஃபோல்டைக் கழற்ற வேண்டும். அப்போதுதான் குட்டு வெளிப்பட்டது. சைலன்சர் குழாயை மேனிஃபோல்டோடு பிடிக்கும் நட்டுகளில் பல வருடத் துரு, ஸ்பேனர் பட்ட கீறல் இல்லை. "இதைக் கழட்டாம ஹெட்டை எப்படிம்பா தூக்குவான்?" என்றார் மாமா. ராக்கர் கவரைத் திறந்தார். உள்ளே ஹெட் போல்ட் தலைகளில் ஆயில் கருகிய பழுப்பு அப்படியே இருந்தது.

எல்லா வெல்ச் பிளக்கையும் பித்தளையில் மாற்றி, ரேடியேட்டரைப் பிரித்துக் குத்திச் சுத்தம் பண்ணி, கூலண்டும் ஊற்ற எனக்கு ஆன செலவு 280 வெள்ளி.

உங்களிடம் யாராவது ஹெட் கேஸ்கெட் என்று சொன்னால் முதலில் பிரஷர் டெஸ்ட் கேளுங்கள். அப்படியும் சந்தேகம் என்றால் ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கும் நீலத் திரவம் இருக்கிறது. எஞ்சினில் எரிந்த வாயு கூலண்டுக்குள் கசிந்தால் அது மஞ்சளாகும். இதெல்லாம் பார்க்காமல் ஹெட்டில் கை வைக்க விடாதீர்கள். கழற்றினால் பழைய கேஸ்கெட் உங்கள் கைக்கு வரவேண்டும்.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனுக் கட்டணம் 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரை கோரலாம். ரசீது இல்லாததால் அந்த ஒற்றை வரி வாட்சாப்பையும் துருப்பிடித்த நட்டுகளின் படங்களையும் வைத்து மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். பட்டறைக்காரருக்குப் படங்களை அனுப்பினேன். "பழைய காடி அப்படித்தாண்ணே" என்று பதில் போட்டுவிட்டு என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டார்.