480 ரூபாய் கவாத்துக் கத்தரி: ஒன்றரை வருடம் கழித்து

கவாத்து என்றால் செடி, மரத்தின் கிளைகளை அளவாக வெட்டிவிடுவது, அதற்கான கைக்கத்தரி இது. எட்டு அங்குலம், சிவப்புப் பிடி, நடுவில் சுருள் ஸ்பிரிங், அடியில் பூட்ட ஒரு கொக்கி. ஆன்லைனில் 480 ரூபாய். கடையில் ‘கட்டர்’ என்று கேட்டாலும் ‘ப்ரூனர்’ என்று கேட்டாலும் இதைத்தான் எடுத்துத் தருவார்கள். கம்பெனிப் பெயரைச் சொல்லப் போவதில்லை, இதே அச்சில் பல பெயர்களில் விற்கிறார்கள். வாங்கிய முதல் வாரமே ‘வாழைத்தண்டு மாதிரி வெட்டுது’ என்று ஐந்து நட்சத்திரம் போட்டவன் நான். அதைத் திருத்தத்தான் இது.

கோயமுத்தூரில் வடவள்ளிப் பக்கம் ஒரு பழைய வீட்டை வாங்கினோம். வீட்டை விடத் தோட்டம் பழசு. ஒரு மாமரம், இரண்டு தென்னை, மல்லிகைப் புதர் நாலு, செம்பருத்தி, அரளி, கறிவேப்பிலை, ரோஜா, பெயர் தெரியாதது ஒரு டஜன். விற்ற அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல், பெங்களூரில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். நான் அதுவரை வளர்த்தது ஃப்ளாட் பால்கனியில் ஒரு துளசி, அதுவும் பாதி நாள் வாடித்தான் நிற்கும். சாவி கைக்கு வந்தது அக்டோபரில். நவம்பரில் இந்தக் கத்தரி வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தவன் மத்தியானம் சாப்பாட்டுக்குத்தான் நிறுத்தினேன். புதுக் கத்தரி கையில் இருந்தால் எல்லாமே வெட்ட வேண்டியதாகத் தெரிகிறது, அதுதான் இதில் உள்ள பெரிய கோளாறு.

முதலில் பொருளைப் பற்றி. இது பைபாஸ் வகை, அதாவது துணி வெட்டும் கத்தரி போல ஒரு கூர்மையான அலகு இன்னொரு மழுங்கலான கொக்கியை உரசிக்கொண்டு போகும். இன்னொரு வகை உண்டு, அதில் அலகு நேராகப் போய் ஒரு தட்டையான பட்டை மேல் உட்காரும், ஆன்வில் என்பார்கள். அது காய்ந்த குச்சிக்கு நல்லது, பச்சைத் தண்டை நசுக்கிவிடும். தோட்டத்துக்கு ஒன்றுதான் வாங்குவேன் என்றால் பைபாஸ்தான். பெட்டியில் 20 மி.மீ. வரை வெட்டும் என்று போட்டிருக்கிறார்கள். பச்சைக் குச்சி என்றால் ஏறக்குறைய உண்மை, கட்டைவிரல் கனம் வரை போகிறது. காய்ந்த கொய்யாக் குச்சியில் சுண்டுவிரல் கனத்துக்கே முக்கியது. அதற்கு மேல் கை ரம்பம்தான், தென்னை மட்டைக்கு அரிவாள்தான். இதை வைத்து முறுக்கி முறுக்கி இழுத்தால் அலகு இரண்டும் விலகிவிடும், அப்புறம் வெட்டாது, கடிக்கும். எனக்கு ஒரு தடவை ஆனது, நடுத்திருகை இறுக்கிச் சரி செய்தேன்.

எந்தப் பக்கம் திருப்பிப் பிடிப்பது என்று பெட்டியில் ஒரு வரி இல்லை. கூர் அலகு செடியில் நிற்கப்போகும் பக்கமும், மழுங்கல் கொக்கி கீழே விழப்போகும் பக்கமும் இருக்க வேண்டும். மாற்றிப் பிடித்தால் நசுங்குவது நிற்கிற தண்டு. செம்பருத்தியில் நான் மாற்றி வெட்டிய இடங்கள் ஒவ்வொன்றும் நுனியில் ஒரு அங்குலம் கருத்துக் காய்ந்தன, சரியாக வெட்டியவற்றில் பத்து நாளில் பக்கக் கணுவில் துளிர்.

சரி, அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். மாமரத்தின் தாழ்ந்த கிளைகள் முகத்தில் இடிக்கின்றன என்று ஸ்டூல் போட்டு ஏறி, எட்டிய வரைக்கும் நுனிகளை எல்லாம் அழகாகக் கத்தரித்தேன். பார்க்கப் பூங்கா மாதிரி இருந்தது. பிப்ரவரியில் தெரு முழுக்க மாமரங்கள் பூத்து நின்றன. எங்கள் மரமும் பூத்தது, என் கை எட்டாத உயரத்துக்கு மேல் மட்டும். ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்தது போல, கீழே வெறும் பச்சை, மேலே வெளிறிய பூங்கொத்துகள். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். மாவில் பூ வருவது முதிர்ந்த கிளையின் நுனியில். அதை நவம்பரில் வெட்டினால் அந்த வருடப் பூவையே வெட்டுவதுதான். கவாத்து காய் பறித்த பிறகு.

மல்லிகையை மட்டும் அன்றைக்குத் தொடவில்லை, பாவம் என்று விட்டுவிட்டேன். மார்ச்சில் நாலு புதரும் இடுப்புக்கு மேல் வளர்ந்து ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன, பூ ஒரு கைப்பிடி. பழைய வீட்டுக்காரம்மாவிடம் போனில் கேட்டேன்.

“ஏங் கண்ணு, கார்த்திகைல கவாத்து பண்ணலியா? முழங்கால் உயரத்துக்கு வெட்டி உட்றோணும். புதுத் துளுருலதான பூ வரும்.”

வெட்டவில்லை என்றேன். மாமரத்தை வெட்டினேன் என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

“மாங்கொழுந்தவா?” என்றார். அப்புறம், “செரி சாமி, போகுது உடு.”

வெட்டக் கூடாததை வெட்டி, வெட்ட வேண்டியதை விட்டிருக்கிறேன், இரண்டும் ஒரே மாதத்தில். வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையும் அந்த அம்மா சொன்னதுதான்: குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி வாரத்தில், தரையிலிருந்து 50 செ.மீ. விட்டுக் கவாத்து. போன நவம்பரில் மனதைக் கல்லாக்கிக்கொண்டு வெட்டினேன், வெறும் விறகுக் கட்டு மாதிரி நின்றது. இந்த மார்ச்சில் இருந்து தினமும் சாயங்காலம் ஒரு டம்ளர் நிறைய மொட்டு. இதில் கத்தரியைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை, நாலு புதரையும் அரை மணியில் முடித்தது.

இன்னும் இரண்டு சொல்லிவிடுகிறேன். ரோஜாவில் அடியில் இருந்து ஒரு குச்சி ஆள் உயரத்துக்குக் கிளம்பியதைப் பார்த்துப் பெருமைப்பட்டேன், அது ஒட்டுக் கட்டிய இடத்துக்கு அடியில், வேர்ச்செடியில் இருந்து வந்த காட்டுக்குச்சி, அதைத்தான் முதலில் வெட்டியிருக்க வேண்டும். சுவரோரம் தட்டைத் தட்டையாக, பாதி பழுத்த இலை மாதிரி ஒன்று தொங்கியது, அசிங்கமாக இருக்கிறதே என்று நறுக்கிக் காம்பவுண்ட் ஓரம் போட்டேன். அது நிஷாகந்தி, ராத்திரியில் பூக்குமே அந்தச் செடி. போட்ட துண்டு மழையில் வேர் பிடித்துவிட்டது, அது அந்தச் செடியின் பெருந்தன்மை.

இனி குறைகள். ஸ்பிரிங் இரண்டு முனையிலும் சும்மா செருகித்தான் இருக்கிறது. நாலாவது மாதம் தெறித்துப் புல்லுக்குள் போனது. விற்றவரிடம் ஸ்பிரிங் மட்டும் கிடைக்குமா என்று கேட்டதற்கு, முழுக் கத்தரியையும் திருப்பி அனுப்பச் சொன்னார்கள், அதற்குள் திருப்பி அனுப்பும் நாள் முடிந்திருந்தது. காந்தத்தைக் கயிற்றில் கட்டி இழுத்துக் கண்டுபிடித்தேன். ஸ்விட்சர்லாந்தின் ஃபெல்கோ மாதிரி கத்தரிகளில் பாகங்கள் தனித்தனியாகக் கிடைக்கும், விலையும் அதற்கேற்றபடி. பூட்டும் கொக்கி லேசு, பேன்ட் பையில் வைத்தால் தானாகத் திறந்துகொள்ளும். வைக்காதீர்கள், எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

துரு இதுவரை இல்லை, ஆனால் அதற்கு நான் வேலை பார்க்கிறேன். வேலை முடிந்ததும் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு. நோய் பிடித்த செடியை வெட்டினால் அடுத்த செடிக்குப் போகும் முன் ஸ்பிரிட்டில் ஒரு துடைப்பு. சாணை பிடிப்பது சரிவான பக்கம் மட்டும், தட்டைப் பக்கத்தைத் தேய்த்தால் இரண்டு அலகுக்கும் நடுவில் சந்து விழும். அரளியை வெட்டினால் கையையும் கத்தரியையும் கழுவிவிட்டுத்தான் மறுவேலை, அந்தச் செடி முழுக்க விஷம், வெட்டிய குச்சியை எரிக்கவும் வேண்டாம்.

ஐந்து நட்சத்திரத்தை மூன்றரையாக்குகிறேன், அரை போட வழியில்லாததால் நாலு. பழைய தோட்டம் ஒன்று புதிதாகக் கைக்கு வந்திருக்கிறவர்கள் தாராளமாக வாங்கலாம். முதல் வருடம் காய்ந்த குச்சி, உரசிக்கொள்ளும் கிளை, ஒட்டுக்கு அடியில் வருவது, இந்த மூன்றை மட்டும் வெட்டுங்கள். மற்றதை வெட்டும் முன், முன்பு இருந்தவர்களின் போன் நம்பர் இருந்தால் ஒரு போன் போடுங்கள்.

இடது கைக்காரர்களுக்கு இது சரிவராது. என் மனைவி இடது கை. பூட்டு எதிர்ப்பக்கம் இருக்கிறது, வெட்டும் இடத்தை அலகே மறைக்கிறது. அவருக்கு வேறு தேடிக்கொண்டிருக்கிறோம், யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.