தீவு யாருடையது? அனைத்துலக நீதிமன்றத்தின் இணைய ஆவணத் தளம்: ஒரு மதிப்புரை

இரண்டு நாடுகள் ஒரே பாறையையும் அதைச் சூழ்ந்த கடலையும் தமதென்று கோரும்போது, பொதுமக்களாகிய நமக்கு வந்து சேர்பவை பெரும்பாலும் அமைச்சர்களின் அறிக்கைகளும் யாரோ வண்ணம் தீட்டிப் பரப்பிய வரைபடங்களுமே. அவற்றைக் கடந்து, இரு தரப்பும் தத்தம் உரிமைக்கு என்ன சான்று வைத்திருக்கின்றன என்று தாமே படித்தறிய விரும்புவோருக்கு, தி ஹேக் நகரிலுள்ள அனைத்துலக நீதிமன்றம் நடத்திவரும் இணையதளத்துக்கு ஈடான சேவை எனக்குத் தெரிந்து வேறில்லை. கட்டணம் கிடையாது, பெயரைப் பதிந்துகொள்ளவும் வேண்டியதில்லை. 1947இல் தொடங்கிய கோர்ஃபு நீரிணை வழக்கு முதல் இன்று நடந்துகொண்டிருக்கும் வழக்குகள் வரை ஒவ்வொன்றுக்கும் தனிப்பக்கம் இருக்கிறது. முடிவடைந்த வழக்குகளில், வழக்கைத் தொடங்கிய ஆவணம், எழுத்து வாதங்கள், அவற்றின் பின்னிணைப்புகள், வாய்மொழி வாதத்தின் சொல்லுக்குச் சொல்லான பதிவு, தீர்ப்பு, நீதிபதிகளின் தனியுரைகள் என்று அனைத்தையும் அந்தப் பக்கத்திலிருந்தே இறக்கிக்கொள்ளலாம்.

இந்தத் தளத்தின் அருமையை அறிய ஒரே ஒரு வழக்கை முழுமையாகப் படித்தால் போதும். சிங்கப்பூரும் மலேசியாவும் பெட்ரா பிராங்கா தீவுக்காக வாதாடிய வழக்கையே நான் எவருக்கும் முதலில் பரிந்துரைப்பேன். மலேசியா பத்து பூத்தே என்று அழைக்கும் அந்தத் தீவு, சிங்கப்பூர் நீரிணை தென்சீனக் கடலோடு கலக்கும் கிழக்கு வாயிலில் கிடக்கிறது. நீளம் 137 மீட்டர், சராசரி அகலம் 60 மீட்டர். சிங்கப்பூரிலிருந்து 24 கடல் மைல். மலேசியாவின் ஜொகூர் மாநிலக் கரையிலிருந்து 7.7 கடல் மைல். இந்தோனேசியாவின் பிந்தான் தீவிலிருந்து 7.6 கடல் மைல். கரையோர நாடு ஒன்றுக்கு 12 கடல் மைல் வரை ஆட்சிக்கடல், அதாவது அந்நாட்டின் இறையாண்மைக்கு உட்பட்ட கடல், உண்டு என்பதை இந்த எண்களோடு சேர்த்துப் பார்த்தால், மூன்று நாடுகளின் உரிமைகள் அந்த இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று விழுவது எவருக்கும் உடனே புரியும். அருகிலேயே மிடில் ராக்ஸ் என்ற பாறைக்கூட்டமும், தாழ்நீரில் மட்டும் தலைகாட்டும் சவுத் லெட்ஜ் என்ற திட்டும் உள்ளன.

1979 டிசம்பரில் மலேசியா வெளியிட்ட வரைபடம் இந்தத் தீவைத் தன் எல்லைக்குள் காட்டியது; 1980 பிப்ரவரியில் சிங்கப்பூர் எதிர்ப்புத் தெரிவித்தது. பல ஆண்டுப் பேச்சுக்குப் பிறகு இரு நாடுகளும் 2003இல் புத்ராஜெயாவில் தனி உடன்பாடு செய்து, வழக்கைச் சேர்ந்தே நீதிமன்றத்திடம் ஒப்படைத்தன. ஒரு தரப்பு மற்றொன்றை இழுத்துவந்த வழக்காக இது இல்லாததால், எழுத்து வாதங்களை இருவரும் ஒரே நாளில் தாக்கல் செய்தார்கள். படிக்கிறவருக்கு இது பெரிய வசதி. சிங்கப்பூரின் வாதத்தை ஒரு சாளரத்திலும் மலேசியாவின் வாதத்தை மறுசாளரத்திலும் திறந்து வைத்துக்கொண்டு, ஒரே கடிதத்தை இரு வழக்கறிஞர் குழுக்கள் எப்படி எதிரெதிராகப் பொருள் கொள்கின்றன என்று வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

நான் சொல்லும் கடிதம் 1953ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அந்த ஆண்டு ஜூன் மாதத்தில், ஆட்சிக்கடலின் எல்லையை வகுப்பதற்காகப் பெட்ரா பிராங்காவின் நிலை என்னவென்று அறிய விரும்பிய சிங்கப்பூர்க் காலனி அரசு, ஜொகூருக்கு எழுதிக் கேட்டது. ஜொகூர் மாநிலத்தின் தற்காலிகச் செயலாளர் செப்டம்பர் 21ஆம் தேதி அனுப்பிய பதிலில், அந்தப் பாறைக்கு ஜொகூர் அரசு உரிமை கோரவில்லை என்று எழுதினார். சில வரிகளே கொண்ட அலுவலகக் கடிதம் அது. அவ்வளவு பெரிய விடயத்தை முடிவு செய்யும் அதிகாரம் அவருக்கு இல்லை என்று மலேசியா வாதிட்டது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தீவின் தொடக்ககால உரிமை ஜொகூர் சுல்தானகத்துடையதே என்று முதலில் தெளிவாகச் சொன்ன நீதிமன்றம், அந்தக் கடிதத்தையும் அதற்குப் பிந்தைய கால் நூற்றாண்டில் இரு நாடுகளும் நடந்துகொண்ட விதத்தையும் எடைபோட்டு, 1980க்குள் அவ்வுரிமை சிங்கப்பூருக்கு வந்துவிட்டதாகத் தீர்மானித்தது. 2008 மே 23ஆம் தேதி வந்த தீர்ப்பில் பெட்ரா பிராங்கா 12க்கு 4 என்ற கணக்கில் சிங்கப்பூருக்கும், மிடில் ராக்ஸ் 15க்கு 1 என்ற கணக்கில் மலேசியாவுக்கும் சென்றன.

இந்த முடிவுகள் எந்த நாளிதழிலும் கிடைக்கும். தளத்தில் மட்டுமே கிடைப்பது, முடிவுக்கு அடியில் இருக்கும் சிறு சிறு சான்றுகளின் குவியல். 1851இல் ஒளியேற்றப்பட்ட ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்தைக் கட்டியபோது நடந்த கடிதப் போக்குவரத்து, அருகில் கப்பல் தட்டியபோது விசாரணை நடத்தியது யார் என்ற குறிப்புகள், தீவுக்கு வர விரும்பிய மலேசிய அதிகாரிகள் சிங்கப்பூரிடம் அனுமதி பெற்ற தாள்கள், 1977இல் அங்கு நிறுவப்பட்ட படைத்துறைத் தொடர்புக் கருவி, மலாயாவும் பின்னர் மலேசியாவுமே 1962 முதல் 1975 வரை வெளியிட்ட வரைபடங்களில் தீவின் பெயருக்குக் கீழே சிங்கப்பூர் என்று அச்சிடப்பட்டிருந்தது ஆகியவை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கப்படுகின்றன. உரிமை என்பது முழக்கத்தால் நிலைப்பதன்று, ஒவ்வொரு நாளும் யார் வேலை பார்த்தார்கள், யார் பார்த்தும் பேசாதிருந்தார்கள் என்பதால் நிலைப்பது என்று இந்தப் பக்கங்களைப் படித்த பிறகே எனக்கு உறைத்தது.

தீர்ப்போடு நிறுத்திக்கொள்ள வேண்டாம் என்று படிப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். தீர்ப்போடு உடன்படாத நீதிபதிகள் எழுதும் மாறுபட்ட கருத்துரைகள் இந்தத் தளத்தின் மிகச் சிறந்த பகுதிகள். நீதிபதிகள் சிம்மாவும் ஆப்ரகாமும் சேர்ந்து எழுதிய கருத்துரை, ஜொகூரின் தொடக்ககால உரிமையை ஏற்றுக்கொண்ட பிறகு, தெளிவான உடன்பாடு எதுவுமின்றி அது கைமாறிவிட்டது என்று சொல்வதற்குப் பெரும்பான்மை நீதிபதிகள் காட்டிய சான்று போதாது என்று வாதிடுகிறது. சிங்கப்பூர் வென்றதில் மகிழ்ந்த வாசகரும் அதைப் படித்தால், மறுபக்கத்து நியாயத்தின் கனத்தை உணராமல் இருக்க முடியாது.

2007 நவம்பரில் நடந்த வாய்மொழி வாதத்தின் பதிவும் அப்படிப்பட்டதே. மலேசியத் தரப்பு காட்டிய ஒளிப்படம் ஒன்றில், தீவுக்குப் பின்னால் ஜொகூர்க் கரை மிக அருகில் ஓங்கி நிற்பது போலத் தெரிந்தது. தொலைவைச் சுருக்கிக் காட்டும் லென்ஸால் வந்த தோற்றம் அது என்று சிங்கப்பூர்த் தரப்பு விளக்கியது. கடல் எல்லையைப் பற்றிப் படங்கள் என்னென்ன செய்ய முடியும் என்பதற்கு அந்தப் பகுதி ஒரு பாடம்.

இதே பாணியில் படிக்கத்தக்க இன்னொரு வழக்கு, இந்தோனேசியாவும் மலேசியாவும் வாதாடிய லிகித்தான், சிப்பாடான் தீவுகளின் வழக்கு. 2002 டிசம்பரில் 16க்கு 1 என்ற கணக்கில் மலேசியாவுக்குத் தீர்ப்பானபோது, நீதிமன்றம் முதன்மையாக நம்பிய சான்றுகளுள் ஆமை முட்டை எடுப்பதை ஒழுங்குபடுத்திய 1917ஆம் ஆண்டுச் சட்டமும், சிப்பாடானைப் பறவைக் காப்பிடமாக அறிவித்த 1933ஆம் ஆண்டு ஆணையும் இருந்தன.

தளத்தின் குறைகளைச் சொல்லாமல் விட்டால் மதிப்புரை முழுமையாகாது. நீதிமன்றத்தின் அலுவல் மொழிகள் பிரெஞ்சும் ஆங்கிலமும் மட்டுமே. தீர்ப்புகள் ஒரு பக்கம் பிரெஞ்சு, எதிர்ப்பக்கம் ஆங்கிலம் என்று அச்சானதால், கோப்பின் பருமனைக் கண்டு அஞ்சுபவர் பாதியைக் கழித்துக்கொள்ள வேண்டும். பின்னிணைப்புகள் நூற்றுக்கணக்கான பக்கங்கள் வரை நீள்கின்றன. எதிலிருந்து தொடங்குவது என்று புதியவருக்குக் கைகாட்ட ஆளில்லை. என் வழக்கம், முதலில் தீர்ப்பின் சுருக்கத்தைப் படிப்பது, அதில் எந்த ஆவணம் முடிவைத் தீர்மானித்தது என்று குறித்துக்கொள்வது, பிறகு அந்த ஒரு ஆவணத்தைப் பற்றி இரு தரப்பும் எழுதியதை மட்டும் தேடிச் செல்வது. விண்ணப்பத்திலிருந்து வரிசையாகப் படிக்கத் தொடங்குபவர்கள் பாதி வழியில் களைத்துப் போவார்கள்.

வரைபடங்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். தீர்ப்புகளில் உள்ள கோட்டுப் படங்கள் விளக்கத்துக்காக மட்டுமே என்ற குறிப்போடு வருகின்றன. அதை மறந்து, படத்தை வெட்டியெடுத்து இதுதான் எல்லை என்று பகிர்வது தவறு. எல்லை இருப்பது தீர்ப்பின் வாசகத்திலும் அதில் தரப்படும் அகலாங்கு நெட்டாங்குகளிலும்தான். ஆனாலும் கற்பிக்கும் கருவியாக அந்தப் படங்களுக்கு நிகரில்லை. ருமேனியாவும் உக்ரைனும் கருங்கடலைப் பங்கிட்ட வழக்கின் 2009ஆம் ஆண்டுத் தீர்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் கரைகள் கணக்கில் வரும், எந்தப் புள்ளிகளிலிருந்து அளப்பது, இரு கரைகளிலிருந்தும் ஒரே தொலைவில் செல்லும் சம தூரக் கோடு எங்கே விழுகிறது, அதைத் திருத்த வேண்டிய காரணம் ஏதேனும் உண்டா, கிடைத்த பங்கு கரைநீளத்துக்கு ஒவ்வாதபடி இருக்கிறதா என்ற வரிசையில் நீதிமன்றம் நடந்து செல்வதைப் படங்களோடு பின்தொடரலாம். உக்ரைனுக்குச் சொந்தமான பாம்புத் தீவு அங்கே நடுவில் நிற்கிறது. அதற்கு 12 கடல் மைல் வில்லைத் தவிர எல்லைக்கோட்டை நகர்த்தும் வலிமை எதுவும் தரப்படவில்லை. ஒரு தீவை வைத்திருப்பதும் அதைக் காட்டிப் பெருங்கடலைக் கேட்பதும் வேறு வேறு என்பதை மாணவர்களுக்கு இதைவிடத் தெளிவாக விளக்கும் பாடநூலை நான் பார்த்ததில்லை.

இங்கே கிடைக்காதவை எவை என்பதையும் அறிந்துகொண்டு செல்ல வேண்டும். தென்சீனக் கடல் குறித்துப் பிலிப்பீன்ஸ் சீனாவுக்கு எதிராகப் பெற்ற 2016ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் தேடி இந்தத் தளத்துக்கு வருபவர்கள் ஏமாறுவார்கள். அது நிரந்தர நடுவர் மன்றத்தின் செயலகத் துணையோடு அமைந்த தனி நடுவர் குழுவின் தீர்ப்பு. இரண்டு அமைப்புகளும் தி ஹேக்கில் ஒரே அமைதி மாளிகைக்குள் இருப்பதால் ஊடகங்கள் அடிக்கடி குழம்பின. அந்த வழக்கோடு தமக்குத் தொடர்பில்லை என்று அனைத்துலக நீதிமன்றமே அப்போது தன் தளத்தில் அறிவிக்க நேர்ந்தது. வங்காள விரிகுடாவில் வங்காளதேசத்துக்கும் இந்தியாவுக்கும் எல்லை வகுத்த 2014ஆம் ஆண்டுத் தீர்ப்பும் நடுவர் மன்றத்தின் தளத்தில்தான் உள்ளது. வங்காளதேசத்துக்கும் மியன்மாருக்கும் இடையிலான 2012ஆம் ஆண்டுத் தீர்ப்போ ஹம்பர்க்கில் இருக்கும் கடற்சட்டத் தீர்ப்பாயத்தின் தளத்தில் இருக்கிறது. மேலும், ஒரு நாடு இசையாவிட்டால் வழக்கே இல்லை. ஜப்பானும் தென்கொரியாவும் தமதென்று கோரும் டோக்டோ தீவை ஜப்பான் 1954இல் இந்த நீதிமன்றத்துக்குக் கொண்டுவர அழைத்தபோது தென்கொரியா மறுத்துவிட்டதால், அவ்வளவு புகழ்பெற்ற தகராறுக்கு இங்கே ஒரு கோப்பும் கிடையாது.

தமிழ் வாசகர்களுக்கு மிகவும் பயன்படக்கூடிய பக்கம் எதுவென்று கேட்டால், வழக்குகளை விட்டுவிட்டு, நீதிமன்றத்தின் அதிகாரத்தை நாடுகள் ஏற்றுக்கொண்ட அறிவிப்புகள் தொகுக்கப்பட்ட பகுதியைக் காட்டுவேன். கச்சத்தீவை அனைத்துலக நீதிமன்றத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்று மேடைகளில் பேசக் கேட்கிறோம். பாக் நீரிணையின் எல்லையை இந்தியாவும் இலங்கையும் 1974இல் உடன்பாடு செய்து வகுத்துக்கொண்டன; மன்னார் வளைகுடாவுக்கும் வங்காள விரிகுடாவுக்கும் 1976இல் மற்றோர் உடன்பாடு வந்தது. ஆகையால் இந்த நீதிமன்றத்தில் அதைப் பற்றிய வழக்கு எதுவும் இல்லை. அந்தப் பகுதியில் இந்தியாவின் பெயரை அழுத்தினால், 2019 செப்டம்பரில் அளிக்கப்பட்ட அறிவிப்பு திறக்கும். காமன்வெல்த் நாடுகளுடனான தகராறுகளும், எல்லை மற்றும் ஆட்சிக்கடல், கண்டத்திட்டு (கரையிலிருந்து கடலடியில் நீளும் நிலப்பகுதி), பொருளாதார மண்டலம் (மீன் முதலிய கடல் வளங்களில் கரையோர நாட்டுக்கு உரிமையுள்ள பகுதி) தொடர்பான தகராறுகளும் நீதிமன்றத்தின் அதிகாரத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டிருப்பதை அதிலேயே படிக்கலாம். மீனவர்களின் துயரத்தை உண்மையாகவே மனத்தில் கொண்டு பேசுபவர்கள், எந்த வழி திறந்திருக்கிறது, எந்த வழி அடைக்கப்பட்டிருக்கிறது என்பதை இந்தச் சில பத்திகளைப் படித்துவிட்டுப் பேசினால், அவர்களுடைய கோரிக்கைக்கே அது வலிமை சேர்க்கும்.

பெட்ரா பிராங்கா வழக்குக்கு வந்த பின்கதையும் அதே தளத்தில் உள்ளது. 2017இல் மலேசியா புதிய ஆவணங்களைக் காட்டித் தீர்ப்பை மறுபரிசீலனை செய்யக் கோரியதும், தீர்ப்புக்கு விளக்கம் கேட்டுத் தனி மனு போட்டதும், 2018இல் இரண்டையும் விலக்கிக்கொண்டதும் தனித்தனிப் பக்கங்களாக இருக்கின்றன. ஆனால் கடலைப் பிரித்துத் தரும்படி இரு நாடுகளும் நீதிமன்றத்தைக் கேட்கவே இல்லை. அதனால் சவுத் லெட்ஜ் எந்த நாட்டின் ஆட்சிக்கடலுக்குள் இருக்கிறதோ அந்நாட்டுக்கே உரியது என்று சொல்லித் தீர்ப்பு நின்றுவிடுகிறது. அந்தக் கடல் யாருடையது என்பது பேச்சுவார்த்தைக்கு விடப்பட்டது, அந்தப் பேச்சின் தாள்கள் எந்தத் தளத்திலும் பொதுமக்களுக்குத் திறக்கப்படவில்லை.