தஞ்சாவூரில் நடந்த அமைப்புச் சிந்தனைப் பயிலரங்கு: ஓர் ஒப்பந்ததாரரின் மதிப்பீடு

பெரிய திட்டங்களை நடத்துவோருக்காகத் தஞ்சாவூரில் நடந்த இரண்டு நாள் பயிலரங்கில், வாய்க்கால் வேலைகளை எடுத்துச் செய்பவன் என்ற முறையில் கலந்துகொண்டேன். ஒரு திட்டத்தைத் தனித்தனி வேலைகளின் பட்டியலாகக் கொள்ளாமல், ஒன்றின் விளைவு மற்றொன்றைத் தூண்டிவிட்டுத் தொடங்கிய இடத்துக்கே திரும்பும் சுழல்களாகப் பார்க்கக் கற்றுத்தருவது இதன் நோக்கம்.

முதல் நாள் பிற்பகல் அமர்வு ஒன்றுக்கே கட்டணம் தகும். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12க்குள் ஒரு கிளை வாய்க்காலைத் தூர்வாரி, மதகின் ஷட்டரையும் பழுதுபார்க்க வேண்டும் என்ற மாதிரித் திட்டத்தைக் கொடுத்தார்கள். வேலை பின்தங்கினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டதும், கூடுதலாகப் பொக்லைனும் ஆட்களும் இறக்குவோம் என்றே அனைவரும் சொன்னோம். பயிற்சியாளர் அம்புக்குறிகள் போட்டுக் காட்டினார்: புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதில் மேஸ்திரியின் நேரம் போகிறது, மேற்பார்வை தளர்ந்து கரைச்சரிவு தவறாக வெட்டப்படுகிறது, அந்தத் தவறு அளவெடுக்கும் நாளில்தான் தெரிகிறது, அதைத் திருத்தும் வேலையும் பாக்கியில் சேர, மறுபடியும் ஆள் கேட்கிறோம். தாமதமான மென்பொருள் திட்டத்தில் ஆள் சேர்த்தால் தாமதம் கூடும் என்று அமெரிக்கக் கணினி அறிஞர் ஃபிரெட் புரூக்ஸ் 1975இல் எழுதியது மண் வேலைக்கும் பெரிதும் பொருந்துகிறது. தொடக்கத்திலேயே ஆள் சேர்த்தால் இந்தச் சிக்கல் குறையும் என்பதையும் பயிற்சியாளர் விளக்கியிருக்கலாம்.

இரண்டாம் நாள் எனக்கு நிறைவு தரவில்லை. வரைபடங்கள் ஒப்பந்ததாரர், பொறியாளர், பில் தொகை ஆகியவற்றோடு நின்றுவிட்டன. டெல்டாவில் பல வாய்க்கால்கள் மேல்பகுதி வயல்களுக்கு வடிகாலாகவும் கீழ்ப்பகுதி வயல்களுக்குப் பாசனமாகவும் இருப்பதால், மேலே தூர்வாரிவிட்டுக் கீழே ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்க விட்டால், வடகிழக்குப் பருவமழையில் வேகமாக இறங்கும் தண்ணீர் கடைமடையின் சம்பாப் பயிரில்தான் தேங்கும். எங்கள் கணக்கில் அந்தத் திட்டம் குறித்த நாளில் முடிந்த நல்ல திட்டமாகவே இருக்கும். இதைக் கேட்டபோது, அது திட்ட எல்லைக்கு வெளியே உள்ளது என்று பதில் வந்தது. எல்லையை எங்கே போடுவது என்பதுதான் இந்தச் சிந்தனை முறையின் முதல் கேள்வி என்பதால், அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை.

கையேடுகள் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தன. களத்தில் நிற்கும் மேற்பார்வையாளர்களுக்கு அவை உதவாது. ஒரே பருவத்தில் பல வேலைகளை நடத்தும் பொறியாளர்களும் ஒப்பந்ததாரர்களும் தயங்காமல் சேரலாம். நடப்பில் உள்ள தங்கள் திட்டத்தின் விவரங்களைக் கையோடு கொண்டுபோவது நல்லது. அடுத்த முறை நடத்தும்போது, ஒவ்வொரு மேசையிலும் கடைமடை விவசாயி ஒருவரையும் உட்காரவைக்க வேண்டும் என்று அமைப்பாளர்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.