304, 316, வெண்கலம்: பாய்மரப் படகுக்கு எந்தப் பட்டை?

சேலத்தில் கடல் கிடையாது, எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) தகடு கிடைக்கும். கஞ்சமலை அடிவாரத்தில் உருக்காலை இருக்கும் ஊர். தகட்டை வெட்டித் துளைபோடப் பட்டறைக்குப் பஞ்சமில்லை. அதனால்தான் சென்னையில் படகு வைத்திருக்கும் மச்சான், அரித்துப்போன செயின்பிளேட்டை இங்கேயே செய்யலாமா என்று கேட்டார். பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பி வடத்தைப் படகின் உடலோடு பிணைக்கிற பட்டை அது. ஒடிந்தால் மரமே சாயும்.

கையில் சுலபமாகக் கிடைப்பது 304 என்ற எஸ்.எஸ். ரகம். ஏறக்குறைய 18% குரோமியம், 8% நிக்கல். ஏற்காடு ஏரியில் ஓடும் படகுக்குத் தாராளம், அது நன்னீர். கடலில் உப்பின் குளோரைடு அதைப் புள்ளி புள்ளியாகத் துளைத்துவிடும். 316-இல் கூடுதலாக 2 முதல் 3% மாலிப்டினம் உண்டு, அதுதான் தாக்குப்பிடிக்கும். காந்தம் ஒட்டாததைக் காட்டி 316 என்று விற்றால் நம்பாதீர்கள், 304-லும் பெரும்பாலும் ஒட்டாது. எந்த உருக்குத் தொகுதி என்று காட்டும் எண்ணோடு (ஹீட் நம்பர்) டெஸ்ட் சர்டிபிகேட் கேளுங்கள்.

சரி, 316 வாங்கினால் கவலை தீர்ந்ததா? இல்லை. எந்த எஸ்.எஸ்.ஸுக்கும் மேலே உள்ள காப்புப் படலம் புதுப்பித்துக்கொள்ள ஆக்ஸிஜன் வேண்டும். பட்டை மேல்தளத்துக்குள் நுழையும் இடத்தில், சீலன்ட்டுக்கு அடியில் ஈரம் தேங்கினால் அது கிடைக்காது. வெளியே பளபளப்பு, உள்ளே விரிசல். ஆகவே கழற்றாமல் பார்த்த பரிசோதனை என் கணக்கில் பரிசோதனையே இல்லை. கழற்றித் துடைத்து டி.பி. (டை பெனட்ரன்ட்) டெஸ்ட் செய்யுங்கள்: சிவப்புச் சாயம் தடவி, ஊறவிட்டு, துடைத்து, வெள்ளை டெவலப்பர் அடித்தால் விரிசல் சிவப்புக் கோடாகத் தெரியும். துளையைச் சுற்றியும் வளைவிலும் முதலில் பாருங்கள். கோடு தெரிந்தால் வெல்டு வைத்து ஒப்பேற்றாமல் மாற்றிவிடுங்கள்.

சிலிக்கான் வெண்கலம் இப்படி மறைந்து அரிபடுவது குறைவு. ஆனால் வலு கம்மி, பட்டை தடிக்க வேண்டும், தளத்தின் துளையையும் பெரிதாக்க வேண்டும். அலுமினியப் பாய்மரத்தைத் தொட்டால் அலுமினியம் கரையும். பட்டைக்கு வெண்கலத்தை நான் சொல்லமாட்டேன். கம்பி வடத்தைத் திருகி இறுக்கும் டர்ன்பக்கிளின் உடலுக்கு மட்டும் வெண்கலமே என் தேர்வு: எஸ்.எஸ். மறை எஸ்.எஸ்.ஸிலேயே இறுகிக் கடித்துக்கொள்ளும், வெண்கலத்தில் வழுவழுவென்று சுற்றும்.

மச்சானுக்கு 316 சொன்னேன். போல்ட்டுகளும் புதிதாக, அதே 316-இல். ஒவ்வொரு பட்டையாகத்தான் கழற்ற வேண்டும். அதுவரை பாய் ஏற்றும் கயிற்றை அந்தப் பக்கம் இறுக்கிக் கட்டிப் பாய்மரத்தைத் தாங்கவையுங்கள்.