316 ரக ஸ்டீல் என்று சொல்லி 202 பொருத்தினார்கள்: கடலோரத்தில் வீடு புதுப்பிப்போர் கவனத்திற்கு

மண்டபத்தில் தென்கடலை ஒட்டியிருக்கும் எங்கள் பழைய வீட்டைச் சென்ற ஆண்டு மாசியில் புதுப்பிக்கத் தொடங்கிச் சித்திரையில் முடித்தோம். கொத்து வேலையிலும் தரை வேலையிலும் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஏமாந்தது கடைசி இருபது நாட்களில், கைப்பிடி, கீல், தாழ்ப்பாள் என்று கைபடும் பொருள்களைத் தேர்ந்தெடுத்தபோதுதான்.

முழங்கால் வலியுள்ள அம்மா பிடித்து ஏறுவதற்காகப் படிக்கட்டுக்கும், மாடி முகப்புக்குமாகச் சேர்த்து 62 அடி ஸ்டீல் கைப்பிடி தேவைப்பட்டது. இராமநாதபுரத்திலிருந்து வந்த ஒப்பந்ததாரர், கடல் காற்றுக்குத் துருப்பிடிக்காத எஃகில் (எஸ்.எஸ்.) 316 ரகம்தான் தாங்கும் என்று அவராகவே சொல்லி, அடிக்கு ரூ. 1,450 வீதம் ரூ. 89,900 பெற்றுக்கொண்டார். நான் தயங்கியபோது சட்டைப்பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்துக் குழாயில் வைத்து, "பாத்தீங்களாண்ணே, ஒட்டல, ஒரிஜினல்" என்றார். அந்த ஒரு செய்கையில் நான் நம்பிவிட்டேன்.

காந்தம் ஒட்டாததை வைத்து ரகத்தை முடிவு செய்யவே முடியாது என்பதைப் பிறகுதான் அறிந்தேன். 202, 304, 316 ஆகிய மூன்றிலுமே காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. வேறுபாடு உள்ளே கலந்திருக்கும் உலோகங்களில் இருக்கிறது. 304இல் ஏறத்தாழ 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் இருக்கும். 316இல் இவற்றோடு 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் சேர்வதால்தான் அது உப்பின் அரிப்பைக் கூடுதலாகத் தாங்குகிறது. 202இலோ விலை உயர்ந்த நிக்கலைக் குறைத்து, அந்த இடத்தை மாங்கனீசால் நிரப்பியிருப்பார்கள். புதிதாக மெருகேற்றிய நிலையில் மூன்றும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும்.

வைகாசியில் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று எழுந்தது. ஆடி பிறப்பதற்குள், வெல்டிங் வைத்த மூட்டுகளில் தேநீர்க் கறை போன்ற பழுப்பு படர்ந்து, மழை பெய்த நாளில் அது வழிந்து புதிய வெள்ளை ஓடுகளில் கோடிட்டுவிட்டது. திருகாணிகளின் நிலை அதைவிட மோசம். முலாம் பூசிய சாதாரண இரும்புத் திருகாணிகளை ஸ்டீலோடு இணைத்திருந்ததால் அவை முதலில் அரித்துத் தலை உதிர்ந்தன. பளபளப்பு வேண்டாம், கோடு இழுத்த மங்கல் மெருகே நாகரிகமாக இருக்கும் என்று அவர் சொன்னதை ஏற்றதும் தவறு, ஏனெனில் அந்த நுண்ணிய கோடுகளில் உப்பு தங்கிவிடுகிறது. கடலோரத்துக்கு வழவழப்பான மெருகே ஏற்றது. கைப்பிடியைப் பிடித்து இறங்கிய அம்மா உள்ளங்கையைக் காட்டி, "துரு வாடை அடிக்குதுப்பா" என்றபோது எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

ஒப்பந்ததாரரைத் தொலைபேசியில் அழைத்தால், "கடக்காத்துக்கு எந்த ஸ்டீலும் நிக்காதுண்ணே" என்பதே அவருடைய பதிலாக இருந்தது. என்னை மிகவும் வருத்தியது அந்தச் சொல்தான். அரிப்புக்குப் பேர்போன பாம்பனிலேயே, 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய ரயில் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளையும் தனிவகைப் பாதுகாப்புப் பூச்சையும் பயன்படுத்தியிருக்கிறார்கள். இந்தக் காற்றுக்கு உரிய பொருள் உண்டு. அதற்குரிய விலையையும் நான் கொடுத்திருந்தேன்.

தூத்துக்குடியில் பட்டறை வைத்திருக்கும் என் மைத்துனர் சிறிய மின்கலத்தோடு கூடிய சோதனைக் கரைசலைக் கொண்டுவந்து, துடைத்த குழாயில் ஒரு துளி விட்டார். துளி சிவந்தது, 202 அடங்கும், மாங்கனீசு மிகுந்த 200 வரிசை எஃகின் அடையாளம் அது என்றார். குழாய் வந்து இறங்கிய அன்றே, பொருத்துவதற்கு முன் இதைச் செய்திருந்தால் ஐந்து நிமிடத்தில் உண்மை தெரிந்திருக்கும்.

ரசீதை எடுத்துப் பார்த்தேன். "எஸ்.எஸ். கைப்பிடி, 62 அடி" என்று மட்டும் இருந்தது, ரகம் எழுதப்படவில்லை. ஆனால் முன்பணம் கேட்டு அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியில் 316 என்ற எண் இருந்தது. அதையும், குழாயிலிருந்து அறுத்தெடுத்த ஒரு சாண் துண்டையும், மாதவாரியாக எடுத்த படங்களையும் வைத்துத்தான் இராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் முறையிடலாம். உங்கள் ரசீதில் ரகத்தின் எண், குழாயின் கனம், திருகாணியின் ரகம் ஆகிய மூன்றையும் எழுதி வாங்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

படிக்கட்டில் இப்போது தேக்கில் கைப்பிடி போட்டிருக்கிறோம். மாடி முகப்பை மாற்றப் பணமில்லை. வழக்கு முடியும்வரை அங்கே பிள்ளைகளை விடாமல் கதவைப் பூட்டி வைத்திருக்கிறோம்.